அலாஸ்கா கப்பலுக்கு என்ன துணி எடுத்துப்போவது? மலைக்காரர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகள் நிறைய. பெற்றோர் சில மாதம் தங்கப் போனால், "வந்ததுதான் வந்தீங்க, ஒரு வாரம் அலாஸ்கா கப்பல்ல போயிட்டு வரலாம்" என்று பிள்ளைகள் டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். நான் மகனோடு இரண்டு முறை போய்வந்தேன். ஒரு தடவை மே மாதம், இன்னொரு தடவை ஆகஸ்ட். அதிலிருந்து காய்கறிக் கடையில் நின்றாலும் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் இதே கேள்விகள்தான். போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கிறது.

டீச்சர், நாங்க கோத்தகிரியிலேயே பொறந்து வளர்ந்தவங்க. எங்களுக்கு என்ன குளிர் புதுசா? இருக்கற ஸ்வெட்டரே போதாதா?

குளிர் புதுசு இல்லை, காற்றுதான் புதுசு. நம் ஊர்க் குளிரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஜனவரியில் வானம் துடைத்துவிட்டாற்போல இருக்கிற இரவில், இலை அசையாமல் நிற்கும்போதுதான் தலைகுந்தா, காந்தல் பள்ளங்களில் உறைபனி விழுகிறது. காலையில் ஊட்டியில் பல்லைக் கிட்டும். பத்து மணிக்கு வெயில் ஏறினால் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வோம். காற்று அசையாத, உலர்ந்த அந்தக் குளிருக்குப் பின்னல் ஸ்வெட்டர் சரியான துணி.

கப்பல் சுமார் 20 நாட் வேகத்தில் போகும். நம் கணக்கில் மணிக்கு 37 கிலோமீட்டர். வெளியே காற்றே இல்லாத நாளிலும் மேல்தளத்தில் நிற்பவர் முகத்தில் அந்த வேகத்துக் காற்று அடிக்கும். 8 டிகிரி இருந்தால் உடம்புக்கு 3, 4 டிகிரி போல உறைக்கும். பின்னல் ஸ்வெட்டரில் காற்று ஒவ்வொரு கண்ணிலும் நுழைந்து வெளியே வரும். கூடவே தூறல் வேறு.

நான் பட்டது இதுதான். முதல் தடவை, ஊட்டியில் வாங்கிய கனமான ஸ்வெட்டரை நம்பி, அலாஸ்காவில் கப்பல் நிற்கும் ஜுனோ என்ற ஊரில் திமிங்கலம் பார்க்கும் சின்னப் படகில் ஏறினேன். இருபது நிமிடத்தில் ஸ்வெட்டர் ஈரச் சாக்கு மாதிரி தொங்க ஆரம்பித்தது. திமிங்கலம் வாலைத் தூக்கியபோது எல்லோரும் வெளியே ஓடினார்கள். நான் உள்ளே கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அலாஸ்கான்னா பனி கொட்டுமே? மைனஸ் டிகிரிக்குப் போடற பெரிய ஜாக்கெட் வாங்கணுமா?

வேண்டாம். பனி கொட்டுகிற காலத்தில் இந்தக் கப்பல்கள் அங்கே போவதில்லை. ஏப்ரல் கடைசியில் தொடங்கி அக்டோபரில் முடிந்துவிடும். ஜூலையில் ஜுனோவில் பகலில் 17, 18 டிகிரி, இரவில் 10, 11. இது ஏறக்குறைய ஜூலை மாத ஊட்டிதான். தென்மேற்குப் பருவமழையில் ஊட்டி பஸ் ஸ்டாண்டில் நிற்கத் தெரிந்தவர்களுக்கு ஜுனோவில் நிற்கவும் தெரியும். மே, செப்டம்பரில் பகல் 13 டிகிரி பக்கம் இருக்கும், இரவு அதைவிட நன்றாக இறங்கும்.

பனி என்பது தலைமேல் விழாது, கண்ணெதிரே இருக்கும். அங்கே ஸ்காக்வே என்ற ஊரில் ஒரு மலை ரயில் ஓடுகிறது. 1898-இல் வேலையை ஆரம்பித்து 1900-இல் முடித்தார்கள். நம் ரயில் குன்னூருக்கு வந்தது 1899. கிட்டத்தட்ட ஒரே வயசு. அவர்களுடையதில் நம்முடையது போலப் பல்சக்கரம் கிடையாது. அந்த ரயில் ஏறும் உச்சி 900 மீட்டர்கூட இல்லை, நம் கூடலூரே அதைவிட உயரம். ஆனாலும் மே மாதத்தில் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் பனி குவிந்து கிடந்தது. நமக்கு உயரம் தருகிற குளிரை அங்கே வட துருவத்தின் பக்கமே தந்துவிடுகிறது. ரயில் பெட்டிக்குள் சூடு இருக்கும், பெட்டிகளுக்கு இடையிலுள்ள திறந்த மேடையில் நின்று படம் எடுக்கத்தான் ஜாக்கெட் வேண்டும்.

சுத்தி வளைக்காம ஒரே ஒரு பொருள் சொல்லுங்க. எதை வாங்கறது?

தலைமூடி வைத்த, தண்ணீர் புகாத மழை ஜாக்கெட். மற்றதெல்லாம் வீட்டில் இருப்பதை வைத்தே ஒப்பேற்றலாம்.

கடைக்காரர் எல்லாவற்றையும் "வாட்டர்ப்ரூஃப்" என்பார். சீட்டில் "வாட்டர் ரெசிஸ்டன்ட்" என்று இருந்தால் அது சாரலுக்கு மட்டும். உள்பக்கம் திருப்பித் தையலைப் பாருங்கள். தையல்மேல் பட்டையாக டேப் ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் தோளில் தையல் வழியாகத்தான் முதலில் இறங்கும். வீட்டுக்கு வந்து இன்னொரு சோதனை: ஜாக்கெட்டின் ஒரு கையை மட்டும் சமையலறைக் குழாயடியில் ஐந்து நிமிடம் பிடியுங்கள், உள்ளே ஒரு பேப்பர் நாப்கினைச் செருகிவிட்டு. நாப்கின் நனைந்திருந்தால் மறுநாளே கடையில் திருப்பிக் கொடுங்கள். நான் மூன்று ஜாக்கெட்டை இப்படிப் பார்த்து ஒன்றைத்தான் வைத்துக்கொண்டேன்.

அளவு ஒரு சைஸ் பெரிதாக, இடுப்புக்குக் கீழே இறங்குவதாக எடுங்கள். உள்ளே ஸ்வெட்டர் போட இடம் வேண்டும். தலைமூடியில் இழுத்துக் கட்டும் நாடா இல்லையென்றால் காற்றில் அது முதுகில்தான் கிடக்கும்.

குடை எடுத்துட்டுப் போனா போதாதா? நல்ல பெரிய குடை இருக்கு.

கப்பல் தளத்தில் குடையை விரித்தால் குடை உங்களைக் கூட்டிக்கொண்டு போய்விடும். அலாஸ்காவில் கெட்சிகன் என்ற ஊரில் வருஷத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை, ஊட்டியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அந்த ஊர்க்காரர்களே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு குடை இல்லாமல் நடக்கிறார்கள்.

பையன் "லேயர் லேயரா போடுங்க"ன்னு சொல்றான். என்ன அது, ஒண்ணும் புரியல.

நம் தோட்டங்களில் மழைக்காலத்தில் இலை பறிக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்களே. உள்ளே புடவை, ரவிக்கை. மேலே வீட்டுக்காரருடைய பழைய முழுக்கைச் சட்டையோ ஸ்வெட்டரோ. அதற்கு மேலே பிளாஸ்டிக் சீட்டு. சூடு நடுவில் இருப்பது தருகிறது. வெளியே இருக்கிற சீட்டுக்குச் சூடே கிடையாது, அது காற்றையும் தண்ணீரையும் தடுத்தால் போதும். உங்கள் பையன் சொல்வதும் அதேதான்.

உடம்பை ஒட்டி ஒரு தெர்மல், அதற்கு மேல் கம்பளி ஸ்வெட்டர் அல்லது ஃப்ளீஸ் (பஞ்சு மாதிரி மெத்தென்ற சிந்தெடிக் துணி), அதற்கு மேல் மழை ஜாக்கெட். கப்பலுக்குள் நுழைந்ததும் மேலே இருக்கிற இரண்டையும் கழற்றிவிடலாம். ஒரே கனமான ஜெர்கின் போட்டுப் போனால் போட்டால் வேர்க்கும், கழற்றினால் நடுங்கும். நடுவில் நிற்க வழியில்லை.

தெர்மல் எதுக்கு? நல்ல காட்டன் பனியன் ரெண்டு போட்டா ஆகாதா?

காட்டன் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மேல்தளத்துக்குப் படி ஏறும்போது வேர்க்கும், ஏறி நின்றதும் அந்த வேர்வை முதுகில் ஐஸாகிவிடும். சிந்தெடிக் தெர்மல் சீக்கிரம் உலரும். கம்பளி கொஞ்சம் ஈரமானாலும் சூட்டை விடாது. (சொட்டச் சொட்ட நனைந்து, மேலே காற்றும் அடித்தால் கம்பளியும் தோற்கும். என் திமிங்கலக் கதை அதுதான்.)

இங்கே ஒரு சின்ன எரிச்சல். நம் மலையிலேயே மெல்லிய கம்பளிக்குப் பேர்போன நீலகிரி ஆடு இருக்கிறது. சாண்டிநல்லாவில் அதற்கென்று ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. கொடைக்கானல் பக்கம் மன்னவனூரிலும் ஆட்டுப் பண்ணை உண்டு. ஆனால் சுற்றுலாக் கடைகளில் "உல்லன்" என்று தொங்குவதில் பெரும்பகுதி அக்ரிலிக் என்ற செயற்கை நூல். அக்ரிலிக் மோசமில்லை, விலைக்கு ஏற்ற சூடு தரும். கம்பளி விலை கொடுத்து அக்ரிலிக் வாங்காதீர்கள், அவ்வளவுதான். சீட்டில் எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள்.

நான் வாழ்நாள் பூரா புடவைதான். இந்த வயசுல பேண்ட் போடச் சொல்லாதீங்க டீச்சர்.

கப்பலுக்குள் புடவையே கட்டுங்கள். முதலில் தெர்மல் பேண்ட் போட்டு அதன்மேல் பாவாடை, புடவை என்று கட்டினால் வெளியே தெரியாது. ரவிக்கை முழுக்கையாக இரண்டு தைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் பிரிந்த சாக்ஸ் இங்கேயே கிடைக்கும்.

மேல்தளத்திலும் சின்னப் படகிலும் மட்டும் புடவை வேண்டாம் என்பேன். குளிருக்காகச் சொல்லவில்லை. படகுக்கும் பலகைக்கும் நடுவில் காலெடுத்து வைக்கும்போது கொசுவம் தடுக்கும், முந்தானை காற்றில் பறந்து அடுத்தவர் முகத்தை மூடும், நனைந்த ஓரம் கணுக்காலில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்க விறைக்கும். அந்த இரண்டு மூன்று நாளைக்குச் சுடிதார் போதும்; துப்பட்டாவை அறையிலேயே விட்டுவிட்டுக் கழுத்துக்கு மஃப்ளர் சுற்றுங்கள். பேரகணி எத்தையம்மன் பண்டிகைக்கு மார்கழிக் குளிரில் வெள்ளை உடுத்தி நடந்த ஒரு ஹெத்தை (படுகர் வீட்டுப் பாட்டி) என்னிடம் சண்டைக்கே வந்தார், "அந்தக் குளிரையே பார்த்தாச்சு, இதென்ன" என்று. மருமகளுடைய சுடிதாரைத்தான் கடைசியில் எடுத்துப் போனார். போட்டோ அனுப்பினார், நன்றாகவே இருந்தது.

கப்பலுக்கு உள்ளேயும் குளிருமா?

இல்லை. 21, 22 டிகிரியில் வைத்திருப்பார்கள். சாப்பாட்டு அறையிலும் நாடக அரங்கிலும் ஏசி கொஞ்சம் தூக்கலாக இருக்கும், ஒரு சால்வை போதும். நம் வீடுகளில்தான் வெளியைவிட உள்ளே குளிர் அதிகம். அந்தப் பழக்கத்தில் கம்பளி நைட்டி, குல்லா எல்லாம் அறைக்காக எடுத்துப் போய்விடாதீர்கள். போர்வையும் தரமாகவே இருக்கும்.

ராத்திரி சாப்பாட்டுக்குக் கோட்டு சூட்டு போடணுமாமே? தைக்கக் கொடுக்கவா?

ஏழு நாள் பயணத்தில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ இரவு "ஃபார்மல் நைட்" வைப்பார்கள். சூட் கட்டாயமில்லை. காலர் சட்டை, நல்ல பேண்ட், இருந்தால் ஒரு கோட். பெரிய சாப்பாட்டு அறையில் அரை டிராயரை மட்டும் விரும்ப மாட்டார்கள். அதற்கு மனமில்லாவிட்டால் மேலே பஃபே இருக்கிறது, அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை.

பெண்களுக்கு இந்தக் கவலையே இல்லை. ஒரு பட்டுப்புடவை போதும், அன்று சாயங்காலம் பாதிக் கப்பல் உங்களைத்தான் பார்க்கும். நான் தோடர் எம்பிராய்டரி போட்ட சால்வையைத் தோளில் போட்டுப் போனேன். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும். வரைந்து வைத்துக்கொள்ளாமல் இழையை எண்ணியே போடுகிற தையல், 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று பக்கத்து மேசை அம்மாள் புரட்டிப் புரட்டிப் பார்த்ததில் சூப் ஆறிப்போனது.

ஏழு நாளைக்கு எத்தனை செட்? துவைக்க, இஸ்திரி போட வசதி உண்டா?

இஸ்திரிப் பெட்டி அறைக்குள் கூடாது. தண்ணீர் சுட வைக்கும் ராடு, எலக்ட்ரிக் கெட்டில், ஊதுபத்தி, விளக்குத் திரி, மெழுகுவத்தி எதுவுமே கூடாது. கப்பலில் தீக்குத்தான் முதல் பயம். பெட்டியை எக்ஸ்ரேயில் பார்த்து எடுத்து வைத்துவிடுவார்கள். அதனால் கசங்காத துணியாக எடுங்கள். சில கப்பல்களில் நாமே துவைக்கும் மெஷினும் இஸ்திரி அறையும் உண்டு, இல்லாவிட்டால் காசு கொடுத்துத் துவைக்கப் போடலாம்.

என் கணக்கு: தெர்மல் 2 செட், நடு அடுக்குக்கு 2, மழை ஜாக்கெட் 1, பேண்ட் அல்லது சுடிதார் 3, கப்பலுக்குள் உடுத்த 4, நல்ல உடை 1, சாக்ஸ் மட்டும் தாராளமாக 7. ஜீன்ஸ் ஒன்றுக்கு மேல் வேண்டாம், நனைந்தால் ஜூலை மாதத்து நம் வீட்டுக் கொடி மாதிரிதான், காயவே காயாது. குளியலறையில் இழுத்துக் கட்டும் சின்னக் கொடி பெரும்பாலும் இருக்கும். அறைச் சுவர் இரும்பு என்பதால் காந்தக் கொக்கி நான்கு கொண்டுபோனால் ஈர ஜாக்கெட்டைத் தொங்கவிடலாம். இதை யாரும் சொல்லித் தரவில்லை. எதிர் அறைக்காரர் வாசலைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

கால்ல என்ன போடறது? பூட்ஸ் வாங்கணுமா?

தண்ணீர் புகாத, அடியில் பிடிப்புள்ள நடை ஷூ ஒன்று. உள்ளே நடமாட ஒரு செருப்பு. புது ஷூவாக இருந்தால் இரண்டு வாரம் முன்பே போட்டுக் கோடநாடு காட்சிமுனை வரையாவது நடந்து பழக்கிவிடுங்கள். ஹெலிகாப்டரில் போய்ப் பனியாற்றின்மேல் நடக்கிற பயணத்துக்குப் பதிவு செய்திருந்தால் அதற்கான பூட்ஸை அவர்களே பெரும்பாலும் மாட்டிவிடுவார்கள். அதற்கென்று வாங்காதீர்கள்.

மங்கி கேப் போட்டா அங்க சிரிப்பாங்களா?

சிரித்தால் சிரிக்கட்டும். காது, நெற்றி, கழுத்து மூன்றையும் ஒரே துணியில் மூடுகிற வேறு பொருளை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. காற்றில் பறக்கவும் பறக்காது. மேலே ஜாக்கெட்டின் தலைமூடியை இழுத்துவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியப்போகிறது! கிளவுஸ் மெல்லியதாக, போனைத் தொட முடிகிற மாதிரி எடுங்கள். தடித்த கிளவுஸ் என்றால் ஒவ்வொரு போட்டோவுக்கும் கழற்ற வேண்டும், இரண்டாம் நாள் ஒன்று தொலைந்துபோகும்.

பனியாறு பார்க்கற அன்னிக்குத்தான் ரொம்பக் குளிரும்னாங்க. வெயில் அடிச்சாலுமா?

வெயில் அடித்தாலும்தான். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் கீழே வழியும். தலைகுந்தாப் பள்ளத்தில் மேட்டைவிட அதிகம் உறைபனி விழுவதும் இதனால்தான். அங்கே பனியாறே மைல்கணக்கில் நீளும் சரிவு. அதன்மேல் குளிர்ந்த காற்று நேரே கடலுக்கு, அதாவது உங்கள் முகத்துக்கு, இறங்கி வரும். கிளேசியர் பே, ஹப்பர்ட் மாதிரி இடங்களில் கப்பல் மெதுவாகி நின்று திரும்பும். பனிச்சுவர் உடைந்து விழுமா என்று மணிக்கணக்கில் தளத்தில் நிற்க வேண்டியிருக்கும். நடக்காமல் நிற்பதால் குளிர் இன்னும் ஏறும். அன்றைக்கு இரண்டு தெர்மலையும் போட்டுக்கொள்ளுங்கள். கறுப்புக் கண்ணாடியும் வேண்டும், பனியிலிருந்து எதிரொளிக்கும் வெயில் கண்ணைக் கூசும்.

மாமனாருக்கு 78 வயசு, வீசிங் உண்டு. அவருக்கு எல்லாம் டபுளா எடுக்கணுமா?

டபுள் வேண்டாம், கனம் சேர்ந்தால் அவரால் நடக்க முடியாது. மூக்கையும் வாயையும் மூடுகிற மெல்லிய மஃப்ளரும், மடியில் போட ஒரு சின்னக் கம்பளியும் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிர்காற்று நேரே உள்ளே போனால் வீசிங் கிளம்பலாம், டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இன்ஹேலர் ஜாக்கெட்டின் உள்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம். பனியாறு பார்க்கிற நாளில் கண்ணாடி போட்ட தளத்தில் காலையிலேயே நாற்காலி பிடித்துக் கொடுங்கள்.

எல்லாத்தையும் பெரிய பெட்டியில் போட்டுடலாம் இல்லையா?

இரண்டு தடவை மாட்டிக்கொள்வீர்கள். முதல் நாள் துறைமுகத்தில் பெட்டியை வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வர சாயங்காலம்கூட ஆகும். கப்பல் கிளம்பும் நேரத்தில் மேல்தளத்தில் கூட்டம் கொண்டாடிக்கொண்டிருக்கும், உங்கள் ஜாக்கெட் எங்கேயோ லிஃப்டில் இருக்கும். ஜாக்கெட்டும் ஒரு ஸ்வெட்டரும் மருந்தும் கைப்பையில் இருக்க வேண்டும்.

கடைசி இரவு இன்னும் மோசம். பெட்டியைக் கட்டி அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், காலையில் கரையில்தான் கிடைக்கும். எங்களோடு வந்த ஒருவர் ஒழுங்காக எல்லாவற்றையும் மடித்து வைத்து அனுப்பிவிட்டு, காலையில் எழுந்து பார்த்தால் லுங்கி மட்டும் மிச்சம். என் மகனுடைய பேண்டில் இறங்கினார். மகன் ஆறடி, அவர் அப்படி இல்லை.

இங்கேயே வாங்கறதா, அங்க போய் வாங்கறதா?

தெர்மல், சாக்ஸ், குல்லா, மஃப்ளர் இங்கே மலிவு. மழை ஜாக்கெட்டும் ஷூவும், பல அலாஸ்கா கப்பல்கள் கிளம்பும் சியாட்டிலில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். அந்த ஊரே மழை ஊர் என்பதால் நல்லதாகக் கிடைக்கும், குழாயடிச் சோதனையை அங்கேயும் செய்யலாம். கப்பல் கடைகளில் வாங்காதீர்கள், விலை கையைச் சுடும். கோவையிலிருந்து சென்னைக்கு விமானத்தில் தனி டிக்கெட் என்றால் அங்கே பெரும்பாலும் 15 கிலோதான், அமெரிக்க விமானத்தின் 23 கிலோவை நினைத்துக்கொண்டு பெட்டி கட்டினால் கவுண்டரில் பிரிக்க வேண்டியதுதான்.

எங்க பொண்ணு அண்டார்டிகா போறாளாம். அவளும் இதே லிஸ்டைப் பார்த்துப் போகலாமா?

அடுக்கு முறை அதேதான், மீதி வேறு. அங்கே கோடை என்பது நவம்பர் முதல் மார்ச் வரை, அப்போதும் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். ரப்பர் படகிலிருந்து முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கரைக்கு நடக்க வேண்டும். அதனால் தண்ணீர் புகாத மேல்பேண்ட் கட்டாயம். பார்க்கா என்கிற கனத்த குளிர் ஜாக்கெட்டைப் பல கப்பல்களில் அவர்களே கொடுத்துவிடுகிறார்கள், ரப்பர் பூட்ஸையும் இரவலாகத் தருகிறார்கள். பதிவுச் சீட்டில் என்ன தருகிறார்கள் என்று பார்த்த பிறகு கடைக்குப் போகச் சொல்லுங்கள்.

இவ்வளவு விலை கொடுத்து வாங்கற ஜாக்கெட், திரும்பி வந்தா பீரோவில்தானே தூங்கும்?

என்னுடையது பீரோவுக்குள் போகவே இல்லை. ஜூனில் வந்து இறங்கினேன், மழை பிடித்துக்கொண்டது. இப்போது அதிகாலையில் பால் கொண்டுவரும் தம்பி அதைப் போட்டுக்கொண்டுதான் பைக்கில் வருகிறான். அடுத்த வருஷம் மகன் மறுபடி கூப்பிட்டால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன், பால்காரத் தம்பி கொடுப்பானா என்பதுதான் சந்தேகம்.